மொழுமொழு எண்டு வழிக்கத் தேவையில்லை

எங்கட வன்னிப் பக்கத்தில எந்த வீட்டுக் கேத்திலைத் திறந்து பாத்தாலும் உள்ளுக்க வெள்ளையா ஒரு படை பிடிச்சுப்போய் இருக்கும், கரண்டியால சுரண்டினா சிம்பு சிம்பா உதிரும். கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி எண்டு எங்க போனாலும் கனக்கக் கிணறுகளில இதுதான் நிலைமை. குடிக்கிறதுக்கு இந்தத் தண்ணி நல்லதோ கூடாதோ எண்டு ஊருக்குள்ள எல்லாரும் கதைக்கினம், ஆனா இதே தண்ணியாலதான் நாங்கள் முகமும் வழிக்கிறம் எண்டதைப் பெரிசா ஒருத்தரும் யோசிக்கிறேல்ல. சவுக்காரத்தைத் தேய் தேயெண்டு தேய்ச்சாலும் நுரை வராது, வந்தாலும் நிக்காது, அந்த அரைகுறை நுரைக்கு மேலால பிளேட்டை இழுத்துப்போட்டு பேந்து கழுத்தெல்லாம் எரியுது, ரெண்டு நாளில பரு பருவா வருது எண்டு அந்தரப்படுறது.

எனக்குச் சுருட்டை மயிர், அதால இந்தக் கழுத்துப் பிரச்சினை மீசை அரும்பின காலத்தில இருந்து தெரியும். நான் டொக்டர் இல்லை. தோல் டொக்டரிட்டக் கேட்டது, தேடி வாசிச்சது, சலூனில படிச்சது, எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதி வைக்கவேணும் எண்டு கனநாளா நினைச்சது, ஏனெண்டால் பெடியள் வந்து கேக்கிற முதல் கேள்வியே "அண்ணை, என்ன கிறீம் பூசலாம்?" எண்டதுதான். கிறீம் கடைசி விசயம் தம்பியவை. அதுக்கு முதல் தண்ணி இருக்கு, நேரம் இருக்கு, மயிர் எந்தப் பக்கம் பாத்து வளருது எண்டது இருக்கு, எல்லாத்துக்கும் மேலால, எவ்வளவு கிட்டவா வழிக்கிறீங்கள் எண்டது இருக்கு.

சேவ் எடுத்தாப் பிறகு வாற கரைச்சல் எல்லாம் ஒரே வருத்தமில்லை, முதல்ல அதைப் பிரிச்சு விளங்கிக்கொள்ளவேணும். எடுத்த கையோட சிவந்து எரிஞ்சு, ஒரு நாள் ரெண்டு நாளில தானா அடங்கினா, பிளேட் தோலின்ர மேற்படையைச் சேத்துச் சுரண்டிப்போட்டுது எண்டு அர்த்தம். எடுத்து ரெண்டு மூண்டு நாள் கழிச்சு மயிர் திரும்ப முளைக்கிற நேரத்தில, தாடைக்குக் கீழயும் கழுத்திலையும் கட்டியான சின்னச் சின்னப் பரு வந்து, உத்துப் பாத்தா உள்ளுக்க ஒரு கறுப்பு மயிர் வளைஞ்சு கிடக்கிறது தெரிஞ்சா, அது உள்ளுக்கு வளர்ந்த மயிர். சுருட்டை மயிர்க்காரருக்கு இது கூட. சரிவா வெட்டுப்பட்ட கூர் நுனி நேர வெளிய போகாமல் வளைஞ்சு திரும்பத் தோலுக்கயே குத்துது, முள்ளுக் குத்தின இடத்தை உடம்பு எப்பிடி வீங்க வைக்குமோ அப்பிடித்தான் இதையும் வீங்க வைக்குது, தன்ர மயிர்தான் எண்டு அதுக்குத் தெரியாது. அடுத்தது, நுனியில மஞ்சளாச் சீழ் வைச்ச பரு. அது கிருமி, அனேகமா ஸ்டெபிலோகொக்கஸ் எண்ட பக்டீரியா.

இன்னொண்டும் இருக்கு, மாடு கண்டு வைச்சிருக்கிற எங்கட ஆக்கள் இதைக் கட்டாயம் தெரிஞ்சிருக்கவேணும். கண்டுக்குட்டியளின்ர முகத்திலையும் கழுத்திலையும் வட்டம் வட்டமா மயிர் உதிர்ந்து சாம்பல் நிறத்தில செதிலா இருக்கிறதைக் கண்டிருப்பீங்கள், அது பங்கசு, படர்தாமரை எண்டுறது. அதைத் தொட்ட கையால தாடையைச் சொறிஞ்சா அது தாடிக்கயும் தொத்தும். தாடிக்குள்ள வாற படர்தாமரை ஒரு பக்கமாக் கட்டி கட்டியா வீங்கும், மயிரைப் பிடிச்சு இழுத்தா பெரிசா நோகாமல் கையோட வரும். இதை பிளேட்டால வந்தது எண்டு நினைச்சு பிளேட்டை மாத்தி மாத்திப் பாத்துக்கொண்டிருந்தா மாறாது, மருந்துதான் எடுக்கவேணும்.

சரி, மற்றதுகளுக்கு வருவம். என்னைக் கேட்டால், எங்கட பெடியளின்ர கழுத்துப் புண்ணுக்கு முதல் காரணம் முகம் மொழுமொழு எண்டு வரவேணும் எண்ட ஆசை. ரேசர் விக்கிற விளம்பரங்களும் அதைத்தான் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கு. அமெரிக்காவில கிங் ஜிலெட் எண்டவர் 1904இல காப்புரிமை எடுத்த ரேசரில இருந்தது ஒரே ஒரு பிளேட். 1971இல ரெண்டு பிளேட் வந்தது, 1998இல மூண்டு, 2006இல அஞ்சு. பிளேட் கூடக்கூட என்ன நடக்குது எண்டால், முதல் பிளேட் மயிரைப் பிடிச்சுக் கொஞ்சம் வெளிய இழுக்குது, அது திரும்ப உள்ளுக்க போறதுக்கு முதல் பின்னால வாற பிளேட் வெட்டுது, வெட்டுப்பட்ட மயிர் தோல்மட்டத்துக்குக் கீழ போய் ஒளிச்சுக்கொள்ளுது. தடவிப் பாக்க மொழுமொழு எண்டு இருக்கும், உண்மை. ஆனா அந்த மயிர் திரும்ப வெளிய வாறதுக்கு தோலைக் கிழிச்சுக்கொண்டெல்லோ வரவேணும்? நேர் மயிர்க்காரருக்கு அது சிலவேளை பிரச்சினையில்லாமல் போகும், சுருட்டை மயிர்க்காரர் அதுக்கு விலை குடுக்கிறம். பரு வாற ஆக்களுக்கு பழைய மாதிரி ஒரு பிளேட் ரேசரே நல்லம், அதை அமத்தாமல், அதின்ர பாரத்திலயே இழுத்தாக் காணும். ட்ரிம்மர் அதையும் விட நல்லம். அரை மில்லிமீற்றரில இருந்து ஒரு மில்லிமீற்றர் மட்டும் விட்டு வெட்டினா மயிர் உள்ளுக்க போறது கனக்கக் குறையும், தாடி ஒரு நாளைக்கு அரை மில்லிமீற்றர் கூட வளராது, அதால பாக்கிற ஆக்களுக்கு நேற்று முந்தநாள் வழிச்ச முகம் மாதிரித்தான் தெரியும்.

புதுக்குடியிருப்பில நான் போற சலூனில ஒரு ஐயா இருக்கிறார், கதை குறைவு, வேலை வடிவு. ஒருநாள் நாடியைப் பிடிச்சு நிமித்திப் பாத்துப்போட்டு, "தம்பி, உமக்குக் கழுத்தில மயிர் மேல பாத்தெல்லோ வளருது, நீர் வீட்டில மேல இருந்து கீழ இழுக்கிறீர் போல" எண்டார். "ஓம் ஐயா, எல்லாரும் அப்பிடித்தானே இழுக்கிறவை" எண்டன். "எல்லாருக்கும் ஒரே மாதிரி வளராது, ரெண்டு நாள் வழிக்காமல் விட்டுப்போட்டு விரலால தடவிப் பாரும், எந்தப் பக்கம் போகேக்க சொரசொரக்கேல்லையோ அந்தப் பக்கம்தான் இழுக்கவேணும்" எண்டார். அந்தச் சின்ன விசயம் கனபேருக்குத் தெரியாது. கன்னத்தில கீழ பாத்து வளர்ற மயிர் தாடைக்குக் கீழ வந்த உடனை திரும்பும், கழுத்தில பக்கவாட்டாப் போகும், சிலருக்கு தொண்டைக் குழிக்குக் கிட்ட சுழி மாதிரி ஒண்டும் இருக்கும். எதிர்ப்பக்கமா இழுத்தா இன்னும் கிட்டவா வெட்டும், அதுதான் கூடாது எண்டுறன். தோலை விரலால இழுத்துப் பிடிச்சு வழிக்கிறதும் அதே வேலையைத்தான் செய்யுது, விட்ட உடனை மயிர் உள்ளுக்க போயிடும். ஒரே இடத்தில திரும்பத் திரும்ப இழுக்கவேண்டாம், இழுக்கத்தான் வேணுமெண்டால் திரும்ப நுரை பூசிப்போட்டு இழுங்கோ.

இப்ப தண்ணி. காய்ஞ்ச தாடி மயிர் சரியான முரடு, தண்ணி உறிஞ்சி ஊதினாப் பிறகு அதை வெட்டக் கனக்கக் குறைஞ்ச பெலன் காணும், அதுக்கு ரெண்டு மூண்டு நிமிசம் வேணும். ரெண்டு கையால தண்ணியை அள்ளி முகத்தில அடிச்ச உடனை பிளேட்டை எடுக்கிற ஆக்கள் ஈரத் தோலில காய்ஞ்ச மயிரைத்தான் வெட்டினம். குளிச்சு முடிச்ச கையோட எடுக்கிறதுதான் சுகம். கிணத்தடியில ஆறுதலா அள்ளிக் குளிச்சுப்போட்டு, துவாயால முகத்தைத் துடைக்காமல், அந்த ஈரத்தோடயே நுரையைப் பூசி இன்னும் கொஞ்ச நேரம் விட்டா மயிர் பணிஞ்சிடும்.

எங்கட தண்ணியில கல்சியமும் மக்னீசியமும் கூட, அதுகள் சவுக்காரத்தோட சேந்து நுரையைக் கெடுத்து ஒரு பிசுபிசுப்பான அழுக்காத் தோலிலயும் பிளேட்டிலயும் படியுது. வாளியின்ர விளிம்பில வெள்ளையாப் பிடிக்கிறதும் அதுதான். இதுக்குப் பெரிய செலவு ஒண்டும் தேவையில்லை. தண்ணியைக் கொதிக்க வைச்சு ஆறவிட்டா அதில ஒரு பங்கு கீழ படிஞ்சிடும், கேத்திலுக்க இருக்கிற படையே அதாலதான் வந்தது, மேல தெளிஞ்சதை மெதுவா ஊத்தி எடுத்து ஒரு செம்பு வைச்சிருந்தா முகம் வழிக்கக் காணும். மாரியில மழைத்தண்ணி பிடிச்சு வைச்சா அதை விட நல்லம், அந்தத் தண்ணியில நுரை எப்பிடி எழும்புது எண்டு ஒருக்காப் பாருங்கோ, நான் சொல்லுறது விளங்கும். உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத்தாலயும் முகம் வழிக்கிற ஆக்கள் இருக்கினம், அது தோலில இருக்கிற எண்ணெய்த்தன்மையை அப்பிடியே உரிச்செடுக்கும், தயவுசெய்து வேண்டாம். ஒரு சாதாரண சேவிங் கிறீமும் ஒரு பிறஷும் போதும், விலை கூடினது தேவையில்லை, மணம் குறைஞ்சதாப் பாத்து எடுங்கோ.

பிளேட்டைப் பற்றி ஒரு புதினமான விசயம் வாசிச்சன். மயிரை விட உருக்கு ஏறக்குறைய 50 மடங்கு கடினம், அப்ப மயிர் எப்பிடி பிளேட்டை மழுங்கப் பண்ணுது எண்டு அமெரிக்காவின்ர எம்.ஐ.ரி பல்கலைக்கழகக் காரர் மின்நுணுக்குக்காட்டிக்குக் கீழ வைச்சுப் பாத்து 2020இல சயன்ஸ் சஞ்சிகையில எழுதியிருக்கினம். தேய்மானம் மட்டும் காரணமில்லையாம். மயிர் வளைஞ்சு குடுக்கேக்க, பிளேட்டின்ர விளிம்பில உருக்கு ஒருசீரா இல்லாத இடங்களில நுணுக்கமாச் சிம்பு உடைஞ்சு போகுதாம். உடைஞ்ச விளிம்பு அடுத்தமுறை மயிரையும் தோலையும் பிச்சு இழுக்கும். இதை வாசிச்சாப் பிறகு, இன்னும் ஒருக்காப் பாவிக்கலாம் எண்டு பழைய பிளேட்டை வைச்சிருக்கிற எண்ணம் எனக்கு விட்டுப்போச்சு. அமெரிக்கத் தோல் வைத்தியர் சங்கம் 5 தொடக்கம் 7 சேவோட பிளேட்டை மாத்தச் சொல்லுது. ஒரு பிளேட்டை மாதக்கணக்காப் பாவிக்கிற வீடுகள் எங்களிட்ட இருக்கு, காசுக் கஷ்டம்தான், விளங்குது, ஆனா ரெண்டு பக்கப் பிளேட் ஒண்டு இப்பவும் மலிவுதான், அஞ்சு பிளேட் ரேசருக்குக் குடுக்கிற காசில அதில கனக்க வாங்கலாம். பாவிக்கேக்க ஒவ்வொரு இழுவைக்கும் கழுவி, கடைசியா உதறி, காத்துப்படுற இடத்தில காய வையுங்கோ, குளிக்கிற இடத்தில ஈரச் சவுக்காரப் பெட்டிக்குப் பக்கத்தில வைக்கவேண்டாம்.

அண்ணன் தம்பியெண்டாலும் ஒரே ரேசரைப் பாவிக்கவேண்டாம். கொஸ்ரலில, வேலைத்தளத்தில, கூட்டாளியின்ர ரேசரை ஒருக்கா எண்டு எடுக்கிறது எங்களுக்குச் சாதாரணம். ஈரல் அழற்சி பி எண்ட வைரஸ் உடம்புக்கு வெளியால குறைஞ்சது 7 நாள் உயிரோட இருக்கும், அது தொத்துறதுக்குக் கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளியே காணும். சலூனிலயும் உங்களுக்கு முன்னால புதுப் பிளேட்டை உடைச்சுக் கூட்டில போடச் சொல்லிக் கேளுங்கோ, கேட்டால் ஐயாமார் கோவிக்க மாட்டினம், நல்ல சலூன்காரர் நீங்கள் கேக்க முதலே செய்வினம். படிக்காரக் கட்டியும் அப்பிடித்தான். ரத்தத்தை நிப்பாட்டும், தோலை இறுக்கும், நல்ல சாமான், ஆனா எல்லாற்ற முகத்திலயும் தேய்ச்ச அதே கட்டி வேண்டாம், வீட்டில உங்களுக்கெண்டு ஒரு துண்டு வைச்சிருங்கோ.

வழிச்சு முடிஞ்சாப் பிறகு பூசுறதில எனக்குக் கோவம் வாற விசயம் ரெண்டு. ஒண்டு தேசிக்காய். கிருமி சாகும், முகம் வெளிக்கும் எண்டு வழிச்ச கையோட தேசிக்காயைப் பாதியா வெட்டித் தேய்ச்சுக்கொண்டு வெயிலுக்க போகினம். தேசிக்காய்ப்புளியில இருக்கிற ஒரு பொருள் வெயில் பட்டா தோலைச் சுட்டுப்போடும், கொப்புளம் வரும், அது மாறினாலும் மண்நிறத்தில மாதக்கணக்காத் தழும்பு நிக்கும். மற்றது, ஆரோ குடுத்த ஸ்டெரொயிட் கிறீம். பூசின உடனை சிவப்பு அடங்கும், அதால எல்லாரும் அதை மருந்தெண்டு நம்பினம், வாரக்கணக்காப் பூசப் பூச தோல் மெல்லிசாகும், சின்ன ரத்தக்குழாய்கள் தெரியும், படர்தாமரை எண்டால் மேல மறைஞ்சுகொண்டு உள்ளுக்க பரவும். டொக்டர் எழுதித் தராமல் முகத்துக்கு அதைத் தொடவேண்டாம். பச்சைத்தண்ணியால கழுவி, துவாயால ஒத்தி எடுத்து, மணமில்லாத ஏதும் மெல்லிய லோசன் பூசினாக் காணும். கற்றாழைச் சோத்தைக் கழுவி, மஞ்சள் பால் போனாப் பிறகு பூசினா குளிர்மையா இருக்கும், சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது, முழங்கைக்குள்ள கொஞ்சம் பூசிப் பாத்துப்போட்டுச் செய்யுங்கோ. தேங்காய் எண்ணெய் பரு வாற முகத்துக்குச் சரிவராது, துவாரத்தை அடைக்கும். ஸ்பிரிட் மணக்கிற ஆப்டர்சேவ் எரிஞ்சாத்தான் வேலை செய்யுது எண்டு நினைக்கினம், எரியிறது எண்டால் தோல் காயப்பட்டிருக்கு, அவ்வளவுதான்.

எப்ப வழிக்கிறது எண்டதும் எங்கட ஊருக்குத் தனிக் கணக்கு. காலமை வழிச்சுப்போட்டு ஹெல்மெட்டைப் போட்டு வாரை இறுக்கிக்கொண்டு ஏ-9 றோட்டால வெயிலுக்க ஓடினா, அந்த வார் தாடைக்குக் கீழ, சரியா பரு வாற இடத்திலதான் வேர்வையோட தேய்க்குது. சோளகம் அடிக்கிற மாதங்களில புழுதி வேற. அருவி வெட்டு, சூடடிப்பு நேரம் நெல்லுச் சுணை புதுசா வழிச்ச தோலில பட்டா சொல்லத் தேவையில்லை. அதால இரவில படுக்கிறதுக்கு முதல் வழிக்கப் பழகினா, விடியிறதுக்குள்ள தோல் கொஞ்சம் தேறிடும். வெட்டு நாளையில வழிக்காமலே விடுங்கோ, வயலுக்க ஆர் பாக்கப்போகினம். ஹெல்மெட் வாருக்குப் பருத்திச் சீலை ஒண்டைச் சுத்தி அடிக்கடி தோய்ச்சுப் போட்டாலே கனபேருக்குப் பாதி கரைச்சல் குறையும்.

ஐயப்பனுக்கு மாலை போட்ட ஆக்கள், செத்தவீட்டுக்குப் பிறகு தாடி விட்டிருக்கிற ஆக்கள், நீளத் தாடியில நேர பிளேட்டைப் போடவேண்டாம். முதல் கத்தரிக்கோலாலயோ ட்ரிம்மராலயோ ஒட்ட வெட்டி, ஒரு நாள் விட்டு, பேந்து வழிச்சாலும் ஒரு குறையும் வராது.

ஏற்கனவே கழுத்து நிறையப் பரு இருக்கிற ஆக்களுக்கு முதல் மருந்து பிளேட்டை நிப்பாட்டுறது. ஒரு மாதமளவுக்கு வழிக்காமல் விட்டா உள்ளுக்க வளைஞ்சு கிடந்த மயிர் வளர்ந்து நிமிர்ந்து தானா வெளிய வரும், முதல் ரெண்டு கிழமை இன்னும் மோசமா இருக்கும், பொறுக்கவேணும். ஊசியாலயும் சட்டைப் பின்னாலயும் கிண்டி எடுக்கிறது வேண்டவே வேண்டாம். எங்கட மாநிறத் தோலுக்கு ஒவ்வொரு காயமும் ஒரு கறுப்புப் புள்ளியை விட்டுட்டுத்தான் போகும், அது வெளிக்க மாதங்கள் எடுக்கும்.

இந்த இடத்தில அதிபர்மாரிட்டயும் ஆசிரியர்மாரிட்டயும் ஒரு விசயம் கேக்கவேணும். ஏ.எல் படிக்கிற பெடியள் முகம் வழிச்சுப்போட்டு வரவேணும் எண்ட ஒழுங்கு எனக்கு விளங்குது. ஆனா கழுத்தில சீழ் கட்டின பெடியனை வாசலில நிப்பாட்டித் திருப்பி அனுப்பினா, அவன் பின்னேரம் போய் அதுக்கு மேலயே பிளேட்டை இழுப்பான். ட்ரிம்மரால ஒட்ட வெட்டினாக் காணும் எண்டு அந்தப் பிள்ளையளுக்கு ஒரு விட்டுக்குடுப்புச் செய்யுங்கோ, சேர்.

பொம்பிளைப் பிள்ளையள் இதைப் பற்றி ஒருத்தரிட்டயும் கேக்கிறேல்ல எண்டு என்ர மனுசி சொன்னவ, அதால எழுதுறன். கமக்கட்டில மயிர் எல்லாப் பக்கமும் பாத்து வளரும், ஒரு திசையில வழிச்சு முடிக்கேலாது, நல்லா ஊறவிட்டு நுரையோட மெதுவா எடுங்கோ, எடுத்த உடனை வாசனை ஸ்பிறே அடிக்கவேண்டாம். ஒப்பரேசனுக்குப் போக முதல் வீட்டிலயே பிளேட்டால வழிச்சுப்போட்டுப் போறதும் தேவையில்லாத வேலை. உலக சுகாதார நிறுவனம் 2016இல வெளியிட்ட வழிகாட்டலில ஒப்பரேசனுக்காக பிளேட்டால வழிக்கவே வேண்டாம், எடுக்கத்தான் வேணுமெண்டால் கிளிப்பரால வெட்டச் சொல்லியிருக்கு, ஏனெண்டால் பிளேட் போடுற நுணுக்கமான கீறலால கிருமி உள்ளுக்க போகும்.

வன்னியில இருந்துகொண்டு இதை எழுதாமல் விட ஏலாது. தாடையிலயும் கழுத்திலயும் காயத் தழும்பு இருக்கிற ஆக்கள் எங்களுக்குள்ள கனபேர். தழும்புத் தோலில உணர்ச்சி குறைவா இருக்கலாம், வெட்டினாலும் தெரியாது, தழும்பைச் சுத்தி மயிரும் கண்டபடி திரும்பி வளரும், அந்த இடத்துக்கு பிளேட் வேண்டாம், ட்ரிம்மரே போதும். தழும்பு தடிச்சு மேல எழும்பிற தன்மை இருக்கிற ஆக்கள் ஒரு சின்னக் கீறலுக்கும் கவனமா இருக்கவேணும். செயற்கைக்கால் போடுற அண்ணையவை, அக்காவை சிலர் மிஞ்சின காலில மயிரை வழிச்சா சுத்தமா இருக்கும் எண்டு நினைக்கினம். அது வேண்டாம். வழிச்ச மயிர் முளைக்கேக்க செயற்கைக்காலின்ர உறைக்கும் தோலுக்கும் இடையில வேர்வையோட நெரிபட்டு உள்ளுக்க திரும்பும், ஒரு சின்னப் பரு புண்ணானாலே கால் போடேலாது, கால் போடேலாது எண்டால் அண்டைக்கு வேலையும் இல்லை. மயிரை அப்பிடியே விட்டு, ஒவ்வொரு இரவும் மிஞ்சின காலையும் உறையையும் கழுவி நல்லாக் காயவிடுங்கோ.

பரு பெரிசாகி நொந்தால், சூடா இருந்தால், காய்ச்சல் வந்தால், ஒரு மாதம் பிளேட்டைத் தொடாமல் விட்டும் குறையேல்ல எண்டால், கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியில தோல் கிளினிக் என்ன நாளில நடக்குது எண்டு கேட்டுப் போங்கோ. போற நாளில முகத்தை வழிச்சுப்போட்டுப் போகவேண்டாம், டொக்டர் பாக்கவேண்டியதே அந்தப் பருவும் மயிரும்தான். இதுவரைக்கும் பூசின கிறீம், குளிசை எல்லாத்தின்ர பெட்டியளையும் ஒரு பாக்கில போட்டுக் கொண்டு போங்கோ, வீட்டில மாடு நிண்டா அதையும் சொல்லுங்கோ.